நெற்றியில் பூக்கும் உப்பு

1948 கோடையில் நியூயார்க் வெயிலில் வெந்தது. உடல்நீர் வற்றித் துவண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு ஏற்கெனவே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, நெஞ்சில் சளி இறுகும் பரம்பரை நோய் இருந்தது. இவர்களை மட்டும் வெயில் ஏன் இப்படிச் சாய்க்கிறது? பால் டி சான்ட்டாக்னீஸ் என்ற மருத்துவர் அந்தக் கேள்வியை விடவில்லை. 1953இல் விடையைச் சொன்னார்: அவர்களுடைய வியர்வையில் உப்பு சில மடங்கு அதிகம். முத்தமிட்டால் கரிக்கும் பிள்ளை நிலைக்காது என்று ஐரோப்பாவில் அதற்கு வெகுகாலம் முன்பே பேச்சு உண்டு.

வியர்வை கரிப்பதற்கும் நெஞ்சில் சளி கட்டுவதற்கும் என்ன உறவு? ஏழாவது குரோமோசோமில் இருக்கும் சிஎஃப்டிஆர் என்ற மரபணுதான். உயிரணுவின் சவ்வில் குளோரைடு போய்வர ஒரு மடையை அது அமைக்கிறது. மடை பழுதானால் வியர்வைக் குழாயில் உப்பை உடல் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை. தோல் காய்ந்ததும் நெற்றியில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மூச்சுக்குழாயிலோ உப்பும் நீரும் போதாமல் சளி பசைபோல் இறுகும். கிருமிகள் அங்கேயே குடியேறி, நுரையீரலை ஆண்டுக்கணக்கில் அரிக்கும். கணையத்தின் குழாய்களும் அடைபடுவதால் செரிமான நொதிகள் குடலுக்கு வருவதில்லை. பிள்ளை நன்றாகச் சாப்பிடும், ஆனால் தேறாது. மலம் எண்ணெய்ப் பசையோடு கடுமையாக நாறும்.

இந்த மரபணுவை 1989இல் கண்டுபிடித்தார்கள். 1,480 அமினோ அமிலங்கள் கோத்த புரதத்தில் 508ஆவது ஒன்று விடுபடுவதே உலகில் அதிகம் காணப்படும் பழுது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ள பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இருவரும் அப்படி இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் குடும்பங்களில் பழுதான இரண்டு பிரதிகளும் சேரும் வாய்ப்பு கூடுகிறது. இதில் எந்தத் தாயின் மீதும் குற்றமில்லை.

வெள்ளையர்களின் நோய் என்று நெடுநாள் நினைத்ததால், இங்கே இது காசநோயாகவோ ஆஸ்துமாவாகவோ தவறாகக் கணிக்கப்படுகிறது. பரிசோதனை எளிது: முன்கையில் மருந்து வைத்து, லேசான மின்சாரம் செலுத்தி, வியர்வையைச் சேகரிப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் குளோரைடு இருந்தால் நோய் இருப்பதாகவே கொள்வார்கள். “பிள்ளை உப்புக் கரிக்குதுங்க” என்று ஒரு தாய் சொன்னால், அதை மருத்துவர் காதில் வாங்கியே ஆக வேண்டும்.

பழுதான மடையையே சரிசெய்யும் மூன்று மருந்துகள் கொண்ட மாத்திரை 2019இல் அமெரிக்காவில் வந்தது. விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். அது எட்டாத வீடுகளில் சாப்பாட்டோடு நொதி மாத்திரை, கோடையில் கூடுதல் உப்பு, கிருமிக்கு மருந்து. காலையும் மாலையும் தாய் பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு, கையைக் குவித்து முதுகைத் தட்டுகிறாள். சளி கொஞ்சம் இளகி வெளியே வருகிறது.