கடவுள் கேட்ட ஒரு இறகு! இமயமலை 'பறவை ராஜா'வுக்கு வந்த சோதனை

வீட்டுக் கொல்லையில் குப்பையைக் கிளறும் கோழியைப் பார்க்காத குட்டீஸ் இருக்க முடியாது. அந்தக் கோழிக்கு இமயமலையில் ஒரு பணக்கார சொந்தக்காரர் இருக்கிறார். உடம்பு முழுக்க வெள்ளைப் பொட்டு, கழுத்தில் ரத்தச் சிவப்பு, தலையில் நீலக் கொம்பு என்று ராஜா மாதிரி அலங்காரம் செய்துகொண்டு திரிகிறார். ஆனால் பயங்கர கூச்ச சுபாவம். மலையிலேயே பிறந்து வளர்ந்து, தாடி நரைத்தவர்களில்கூட பல பேர் இவரை நேரில் பார்த்தது கிடையாது!

இவர் பெயர் ஜுஜுரானா. 'பறவைகளின் ராஜா' என்று அர்த்தம். இமாச்சலப் பிரதேச மலைக்கிராம மக்கள் வைத்த பெயர் இது. ஆங்கிலத்தில் வெஸ்டர்ன் டிரகோபான் என்கிறார்கள். கோழி, மயில், காடை, கவுதாரி எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பத்தில், 'பெசன்ட்' எனப்படும் மலைக்கோழி வகையைச் சேர்ந்தது. உலகத்திலேயே அபூர்வமான மலைக்கோழிகளில் இதுவும் ஒன்று. பாகிஸ்தானின் வடக்கு மலைகள், காஷ்மீர், இமாச்சல், உத்தரகாண்ட் என ஒரு ஒடுங்கிய பட்டைக்குள்தான் இருக்கிறது. எல்லாம் சேர்த்தே சில ஆயிரங்கள்தான் தேறும் என்பது பறவை ஆய்வாளர்களின் கணக்கு.

ஆளுக்கு ஒரு இறகு

ஜுஜுரானா எப்படி இவ்வளவு அழகாச்சு? இதற்கு இமாச்சலில் ஒரு கதை சொல்கிறார்கள். உலகத்தில் உள்ள எல்லாப் பறவைகளையும் கடவுள் கூப்பிட்டாராம். 'ஆளுக்கு ஒரு இறகு கொடுங்க' என்று கேட்டாராம். எல்லாம் கொடுத்த இறகுகளை ஒட்டி ஒரு பறவையைச் செய்தாராம். அதுதான் ஜுஜுரானா!

கதையை விட்டுத் தள்ளுங்க, ஆளை நேரில் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். சேவலுக்குத் தலை கருப்பு. முகத்தில் இறகே இல்லாமல் சிவப்புத் தோல். பின்கழுத்து அடர் சிவப்பு. நெஞ்சில் ஆரஞ்சு கலந்த சிவப்பு. உடம்பு கருப்பும் சாம்பலுமாக இருக்க, அதன் மேல் சுண்ணாம்பைத் தொட்டு வைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு கருப்பு வளையம் வேறு. எடை சுமார் 2 கிலோ. நல்லா வளர்ந்த நாட்டுச்சேவல் அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டைதான் பாவம். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், அங்கங்கே வெள்ளைக் கீற்று, அவ்வளவுதான். உண்மையில் அது பாவம் இல்லை, பாதுகாப்பு. முட்டை மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது பட்டுப்புடவை மாதிரி மின்னினால் கழுகும் சிறுத்தையும் சும்மா விடுமா? சருகோடு சருகாகக் கிடந்தால்தான் உயிர் மிஞ்சும். குட்டிச் சேவலும் முதல் வருடம் அம்மா நிறத்தில்தான் இருக்கும். இரண்டாவது வருடம்தான் ராஜா உடை வரும்.

கொம்பு முளைக்கும் சேவல்!

டிரகோபான் என்ற பெயருக்குப் பின்னாலும் விஷயம் இருக்கிறது. கிரேக்க மொழியில் 'டிரகோஸ்' என்றால் ஆடு. 'பான்' என்பது கிரேக்கர்களின் பாதி மனிதன், பாதி ஆடு உருவ தெய்வம், அதற்குக் கொம்பு உண்டு. இந்தச் சேவலுக்கும் கொம்பு உண்டு!

எப்பவும் தெரியாது. ஜோடி தேடும் காலத்தில் மட்டும்தான் தெரியும். சதையால் ஆன இரண்டு நீலக் கொம்புகள் தலையின் இரண்டு பக்கமும் விறைத்து எழும்பும். கூடவே தொண்டைக்குக் கீழே ஒரு வண்ணத்துணி விரியும். கிட்டத்தட்ட குழந்தைக்குக் கட்டும் பிப் மாதிரி. ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறம், ஓரத்தில் நீலம். டிரகோபான் சேவல்கள் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, திடீரென்று எழுந்து இந்த அலங்காரத்தைப் பெட்டைக்குக் காட்டும். கூத்து மேடையில் திரை விலகி ராஜா வேஷம் வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சில நொடிகளில் எல்லாம் சுருங்கி, பழையபடி ஒன்றும் தெரியாத சேவல்!

குரலும் வித்தியாசம்தான். ஏப்ரல், மே மாதங்களில் விடியும் முன்பே சேவல் கூவ ஆரம்பித்துவிடும். கொக்கரக்கோ எல்லாம் கிடையாது. கூட்டத்தைத் தொலைத்த ஆட்டுக்குட்டி கத்துவது போல நீளமான ஒரு அலறல். தெரியாதவர் கேட்டால் யாரோ குழந்தை அழுகிறது என்று தேடிப் போய்விடுவார். ஆய்வாளர்களும் வனத்துறையினரும் பறவையைக் கண்ணால் பார்த்து எண்ணுவது கிடையாது. விடியற்காலைக் குளிரில் மலைச்சரிவில் நின்று, எந்தத் திசையில் எத்தனை சேவல் கத்துகிறது என்று காதால் எண்ணுகிறார்கள்.

ஊட்டிக்கும் மேலே வீடு

கோடைக்காலத்தில் ஜுஜுரானா சுமார் 2,400 முதல் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஊட்டியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அப்படியானால் எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பனி கொட்ட ஆரம்பித்ததும் கொஞ்சம் கீழே இறங்கி வரும்.

ஓக் மரங்களும் ஊசியிலை மரங்களும் அடர்ந்த காடு வேண்டும். அடியில் ரிங்கால் என்ற ஒல்லி மூங்கில் புதர் வேண்டும். ஓக் இலை, கொழுந்து, விதை, பழம், பூச்சி, புழு எல்லாம் சாப்பாடு. பெரும்பாலும் இலைதான். இவ்வளவு இலை தின்று வாழும் கோழியை நம்ம ஊரில் பார்க்க முடியாது.

இன்னொரு அதிசயம், வீடு கட்டும் இடம். மலைக்கோழிகள் பெரும்பாலும் தரையில்தான் முட்டை வைக்கும். டிரகோபான்கள் பெரும்பாலும் மரத்தில் வைக்கும். ஜுஜுரானா மரப்பொந்திலோ, வேறு பறவை விட்டுப்போன கூட்டிலோ 3 முதல் 5 முட்டை இடும். நம்ம வீட்டுக் கோழி 21 நாளில் பொரிக்கும். இதற்கு சுமார் 28 நாள் ஆகும். அடைகாப்பது பெட்டை மட்டுமே. குஞ்சுகள் படு சுட்டி. பிறந்த சில நாட்களிலேயே படபடவென்று பறந்து கிளை ஏறிவிடும்.

இங்கேதான் சிக்கலே.

ஒரே மாதம், ஒரே காடு

பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இமாச்சல் காடுகளில் ஒரு காளான் முளைக்கிறது. அந்த ஊரில் அதற்குக் 'குச்சி' என்று பெயர் (நம்ம ஊர் விறகுக் குச்சி இல்லை). தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். பயிர் செய்வது ரொம்பக் கஷ்டம், காட்டில்தான் தேட வேண்டும். காயவைத்த குச்சி ஒரு கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. பெரிய ஓட்டல்களுக்கும் வெளிநாட்டுக்கும் செல்லும் சரக்கு அது.

மலைக்கிராமத்தில் விவசாய நிலம் கொஞ்சம். ஆறு மாதம் குளிர். எனவே குச்சி சீசன் வந்தால் ஆண், பெண், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று குடும்பமே காட்டுக்குள் போகிறது. ஒரு வருஷத்துக்கான உப்பு, துணிமணி, கல்யாணச் செலவு எல்லாம் அந்தச் சில வாரங்களில் கிடைப்பதை வைத்துத்தான். மருந்து மூலிகை பிடுங்குபவர்களும் வருவார்கள். ஆடு மேய்க்கும் கத்தி இன மக்கள் மந்தையோடும் காவல் நாய்களோடும் மேல் புல்வெளிக்குக் கிளம்பும் நேரமும் அதை ஒட்டித்தான்.

அதே நேரத்தில், அதே காட்டில், ஜுஜுரானா பெட்டை முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது!

யாரும் அதைக் கொல்ல வேண்டும் என்று வருவதில்லை. ஆனால் காலடிச் சத்தம் கேட்டாலே அது கூட்டை விட்டு எழுந்து ஓடிவிடும். பகலெல்லாம் ஆட்கள் நடமாடினால் பெட்டை திரும்பி வராது. அந்தக் குளிரில் அம்மா சூடு இல்லாமல் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? போதாக்குறைக்கு மஞ்சள் கழுத்து மார்ட்டின் என்று கீரி மாதிரி ஒரு பிராணி, காலியான கூட்டுக்காகவே அலைகிறது. விறகுக்கும் தீவனத்துக்கும் ஓக் கிளைகளை வெட்டுவதும், மந்தைகள் புதர்களை மேய்ந்து தீர்ப்பதும் தனிக்கதை.

வேட்டையும் இருந்தது. இறைச்சிக்கும் இறகுக்கும் கண்ணி வைத்தார்கள். வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் 1972-ல் ஜுஜுரானா முதல் அட்டவணையில், அதாவது புலி, யானை இருக்கும் அதே பட்டியலில் உள்ளது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில். இமாச்சல் அரசும் 1982-ல் வேட்டைக்குத் தடை போட்டது. அதன் பிறகு துப்பாக்கிச் சத்தம் குறைந்தது. கண்ணி முழுசாக ஒழியவில்லை.

பூங்கா வந்தது, மேய்ச்சல் போனது

குலு மாவட்டத்தில் 754 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா இருக்கிறது. ஜுஜுரானா நன்றாக மிஞ்சியிருக்கும் இடங்களில் இது முக்கியமானது. 1999-ல் இது இறுதியாக தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, உள்ளே மேய்ச்சலுக்கும் காளான், மூலிகை எடுப்பதற்கும் இருந்த உரிமை முடிவுக்கு வந்தது. பழைய பதிவேட்டில் பெயர் இருந்த குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைத்தது. பெயர் இல்லாத குடும்பங்கள்தான் அதிகம்.

'பறவைக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்லையா' என்ற கோபம் கிராமங்களில் கிளம்பியது. அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஏனென்றால் அதே நேரத்தில்தான் பார்வதி நீர்மின் திட்டத்துக்காகப் பூங்காவின் ஜீவா நாலா பள்ளத்தாக்கில் சுமார் 10 சதுர கிலோமீட்டர் விலக்கி விடப்பட்டது. ஆடு போகக்கூடாத இடத்தில் புல்டோசர் போகலாமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

பிறகு பெண்களின் சிறுசேமிப்புக் குழுக்கள் வந்தன. நம்ம ஊர் மகளிர் குழு மாதிரிதான். மண்புழு உரம் தயாரித்து விற்றார்கள். இளைஞர்கள் சிலர் மலையேற வருபவர்களுக்கு வழிகாட்டியாகவும் சுமை தூக்குபவர்களாகவும் வேலைக்குச் சேர்ந்தார்கள். குச்சி சீசனில் கிடைத்த காசை இது முழுக்க ஈடு கட்டியது என்று சொல்ல முடியாது. ஆனாலும் சில வீடுகளில் அடுப்பு எரிந்தது. 2014-ல் இந்தப் பூங்காவுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அந்தஸ்து கிடைத்தது.

இடையில் 2007-ல் ஜுஜுரானாவுக்குப் பதவி உயர்வும் வந்தது. அதுவரை மோனால் என்ற இன்னொரு மலைக்கோழிதான் இமாச்சலின் மாநிலப் பறவை. தொப்பியில் அதன் கொண்டை இறகைச் செருகிக்கொள்வது ஆண்களுக்குப் பெருமையாக இருந்த காலம் உண்டு. மோனாலை இறக்கிவிட்டு ஜுஜுரானாவை மாநிலப் பறவையாக அறிவித்தார்கள். (நாகாலாந்தின் மாநிலப் பறவையும் ஒரு டிரகோபான்தான். அங்கே கொனோமா என்ற கிராமத்து மக்கள், வேட்டை வழக்கமாக இருந்த ஊரில் 1998-ல் தாங்களாகவே வேட்டையை நிறுத்தி, அந்தப் பறவை பெயரில் சரணாலயம் அமைத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.)

சராஹன் பள்ளிக்கூடம்

சிம்லா மாவட்டத்தில் பீமாகாளி கோவிலுக்குப் பெயர் போன ஊர் சராஹன். கோவில் இருக்கும் அதே ஊரில் வனத்துறையின் மலைக்கோழிப் பண்ணை இருக்கிறது. கூண்டில் ஜுஜுரானாவை வைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பதுதான் அங்கே வேலை.

கேட்கச் சுலபம். ஆனால் பிராய்லர் பண்ணை மாதிரி விளக்கைப் போட்டுத் தீவனத்தைக் கொட்டினால் நடக்காது. இந்தப் பறவை மிரண்டால் நேராக மேலே பாயும். கூண்டுக் கம்பியில் மோதி அடிபடும். புது ஆள் முகம், நாய் குரைப்பு, எது வேண்டுமானாலும் அதை மிரட்டிவிடும். அதனால் கூண்டுக்குள் காட்டுச் செடிகளை நட்டு ஒளிந்துகொள்ள மறைவு செய்தார்கள். இனப்பெருக்க காலத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. ஒரு ஜோடிக்கு ஒன்றையொன்று பிடிக்காமல் போனால் அந்த வருடம் முட்டையே கிடையாது. பல வருடத் தோல்விகளுக்குப் பிறகு, 2000-களின் நடுவில்தான் அங்கே குஞ்சுகள் தொடர்ந்து பிழைக்க ஆரம்பித்தன.

அடுத்த பரீட்சை அதைவிடக் கஷ்டம். கூண்டில் பிறந்த குஞ்சுக்குத் தட்டில் சாப்பாடு வரும். கழுகு நிழல் விழுந்தால் புதரில் நுழைய வேண்டும், ராத்திரி மரத்தின் மேலேதான் தூங்க வேண்டும், பனி மூடினால் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது? காட்டில் அம்மா சொல்லிக் கொடுக்கும். சராஹனில் அந்தப் பாடத்தையும் மனிதர்களே யோசித்து நடத்த வேண்டியிருந்தது.

2020-ல் முதல் முறையாக, சராஹனில் பிறந்த சில பறவைகள் பக்கத்தில் உள்ள தாரன்காட்டி சரணாலயத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. முதலில் காட்டுக்குள்ளேயே வலை அடித்த அடைப்பில் விட்டு, அந்த இடத்தைப் பழக்கினார்கள். எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, எடை குறைந்த ரேடியோ கருவியைப் பொருத்தினார்கள். அதன் பிறகு அடைப்பு திறந்துவிடப்பட்டது. கையில் ஏரியலோடு வனத்துறை ஆட்கள் சரிவு சரிவாக நடந்து, எந்தப் பறவையின் சிக்னல் நகருகிறது, எது ஒரே இடத்தில் நின்றுவிட்டது என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.