கையில் காசில்லாத கிளப் கண்டுபிடித்த ஆட்டம்

1998-இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது, எழுவர் ரக்பி முதன்முறையாக அதில் சேர்க்கப்பட்டது. பெட்டாலிங் ஜெயா அரங்கில் ஜோனா லோமு பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதை என் மாமா இன்றும் கண்கள் விரியச் சொல்வார். நியூசிலாந்துக்குத் தங்கம், ஃபிஜிக்கு வெள்ளி. நான் அப்போது பிறக்கவே இல்லை. "ரக்பி என்றால் பதினைந்து பேர்தானே, இதில் ஏன் ஏழு பேர்?" என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "சீக்கிரம் முடியணும்னுதான்டா" என்றார்.

மாமா சொன்னது பாதி சரி. மீதியைத் தேடிப்போனபோது, ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூரின் ரக்பி கிளப்பில் போய் நின்றேன்.

ஊரின் பெயர் மெல்ரோஸ். ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், இங்கிலாந்து எல்லைக்கு அருகில் இருக்கிறது. நம் நாட்டின் பெரிய இடைநிலைப்பள்ளி ஒன்றில் படிக்கும் மாணவர்களைவிட அங்கே குடியிருப்பவர்கள் சற்றுத்தான் அதிகம். 1136-இல் நிறுவப்பட்ட துறவி மடத்தின் இடிபாடும், மூன்று முகடுகள் கொண்ட எயில்டன் குன்றுகளும்தான் ஊரின் அடையாளங்கள். மூன்றாவது அடையாளம், கிரீன்யார்ட்ஸ் என்ற ரக்பித் திடல்.

கிளப் தொடங்கியது 1877-இல். அதற்கு முன் மெல்ரோஸ்காரர்களும் பக்கத்து ஊரான காலாஷீல்ஸ்காரர்களும் ஒரே கிளப்பில் ஆடினார்கள். எந்த ஊரில் ஆடுவது என்பதில் மனத்தாங்கல் வந்தது. மெல்ரோஸ்காரர்கள் ஓர் இரவில் காலாஷீல்ஸ் போய், கோல் கம்பங்களைப் பிடுங்கித் தோளில் சுமந்துகொண்டு வந்து தங்கள் ஊரில் நட்டுவிட்டார்கள் என்று அங்கே இன்றும் கதை சொல்வார்கள். கதையில் எத்தனை விழுக்காடு உண்மை இருந்தாலும், இரண்டு ஊர்களுக்கும் இடையிலான போட்டி மட்டும் முழு உண்மை. அது கீழே மறுபடியும் வரும்.

ஆறு ஆண்டுகளில் பணப்பெட்டி காலியானது. ஆட்டக்காரர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை. என்றாலும் திடல், பந்து, பயணம் என்று செலவு இருக்கத்தானே செய்யும்! பள்ளியில் கழகம் நடத்தி, ஆண்டு இறுதியில் நிதி திரட்டக் கேக் விற்றவர்களுக்கு இந்த நிலைமை புரியும். மெல்ரோஸில் யோசனை சொன்னவர் நெட் ஹேக். இறைச்சிக் கடையில் வேலை பார்த்தவர். ஊரில் ஒரு விளையாட்டு விழா நடத்தி, அதில் ரக்பிப் போட்டியையும் சேர்த்தால் கூட்டம் வரும், நுழைவுக் கட்டணம் வசூலாகும் என்பது அவர் கணக்கு. ஆனால் ஒரே பிற்பகலில் பல அணிகளை மோதவிட, அணிக்குப் பதினைந்து பேர் என்றால் எப்படி முடியும்? தம் கடை முதலாளியும் அணித்தலைவருமான டேவிட் சாண்டர்சனுடன் கலந்து பேசி, ஆளைப் பாதிக்கும் கீழே குறைத்தார். அணிக்கு ஏழு பேர், ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம்.

1883 ஏப்ரல் 28 அன்று விழா நடந்தது. பரிசுக் கிண்ணத்தைத் தந்தவர்கள் மெல்ரோஸ் பெண்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து மக்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். இறுதியாட்டத்தில் மோதியது யார்? மெல்ரோஸும் காலாஷீல்ஸும்தான்! பதினைந்து நிமிடம் முடிந்தும் யாருக்கும் புள்ளி இல்லை. கூடுதல் நேரம் ஆட ஒப்புக்கொண்டார்கள். அதில் சாண்டர்சன் ஒரு டிரை போட்டதும் மெல்ரோஸ் அணி திடலைவிட்டு வெளியேறி, கிண்ணம் எங்களுக்கே என்றது. இன்னும் நேரம் இருக்கிறதே என்று காலாஷீல்ஸ் தரப்பு கொதித்தது. நியாயம் காலாஷீல்ஸ் பக்கம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது. ஆனால் கிண்ணம் மெல்ரோஸில் தங்கிவிட்டது. கூடுதல் நேரத்தில் முதல் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி என்ற பிற்கால விதிக்கு, தெரிந்தோ தெரியாமலோ அவர்கள் அன்றே வழிகாட்டிவிட்டார்கள்.

பணத்துக்காக ஆளைக் குறைத்தது ஆட்டத்தையே மாற்றிவிட்டது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். திடலின் அளவு மாறவில்லை. நீளம் 100 மீட்டர், அகலம் 70 மீட்டர் என்று வைத்தால் 7,000 சதுர மீட்டர். முப்பது பேர் ஆடும்போது ஆளுக்கு ஏறக்குறைய 233 சதுர மீட்டர். பதினான்கு பேர் ஆடும்போது 500. முட்டி மோதித் தள்ளுவதைவிட, காலியான இடத்தைக் கண்டுபிடித்து ஓடுவதுதான் முக்கியமாகிவிடுகிறது. பாதிக்கு ஏழு நிமிடம் ஓடினாலே நுரையீரல் வாய்க்கு வந்துவிடும். ஃபிஜி, கென்யா போன்ற நாடுகள் இதில் பெரிய நாடுகளைத் திணறடிப்பது இதனால்தான். 2016-இல் சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்தில் கென்யா 30-7 என்று ஃபிஜியை வென்றது. அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பி அறிமுகமானபோது ஃபிஜி 43-7 என்று பிரிட்டனை வீழ்த்தியது. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான்.

ஊதியமில்லா ஆட்டம் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைய ரக்பித் தலைமைகள் காசு வாங்காமல் ஆடுவதை ஒரு புனிதமாகவே வைத்திருந்தன. வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள், சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போகிறது, அதையாவது ஈடுகட்டுங்கள் என்றார்கள். தலைமை மறுத்தது. 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிய வடபகுதி கிளப்கள் பிரிந்துபோய்த் தனி ஆட்டமே கண்டன. பதின்மூவர் ஆடும் ரக்பி லீக் அதன் வழிவந்தது. காசு வாங்காமல் ஆடுவதுதான் உயர்வு என்று பேசுவது, கூலி போகாதவருக்கு எளிது. மெல்ரோஸ் அந்தப் பிரிவில் சேரவில்லை. அதன் ஆட்டக்காரர்கள் இன்னும் நூறு ஆண்டுகள் பகலில் வேலை, மாலையில் பயிற்சி என்றே ஓட்டினார்கள்.

அந்த முறையின் கடைசிக் காலத்தில்தான் கிளப் உச்சத்தைத் தொட்டது. வேதியியல் ஆசிரியரும் பிறகு தலைமையாசிரியருமான ஜிம் டெல்ஃபர் பயிற்சி கொடுத்து வளர்த்த மெல்ரோஸ், 1990 முதல் 1997 வரையிலான எட்டுப் பருவங்களில் ஆறு முறை ஸ்காட்லாந்து லீக் பட்டத்தை வென்றது. அவ்வளவு சிறிய ஊர், எடின்பரோ கிளப்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது!

1995 ஆகஸ்டில் ரக்பி ஊதிய ஆட்டமாக அறிவிக்கப்பட்டது. மெல்ரோஸின் உயரமான இரண்டாம் வரிசை வீரர் டாடி வீர் அதே ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசலுக்குப் போனார். யாரும் குறை சொல்ல முடியாது. உழைப்புக்குக் கூலி கிடைக்கும் இடத்துக்கு அவர் போனார். ஆனால் உள்ளூர் கிளப் வளர்த்த பிள்ளைகள் முதிர்ந்ததும் பெரிய அணிகளுக்குப் போய்விடுவது அதன்பின் வழக்கமாகிவிட்டது.

உள்ளூர் கிளப் ஒன்று புது வடிவம் கண்டது மெல்ரோஸில் மட்டுமல்ல. 1967-இல் பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா கிளப் அணிக்குப் பத்துப் பேர் என்று ஒரு போட்டி தொடங்கியது. பதின்மர் ரக்பிக்கு அதுவே முன்னோடி. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து அமைத்த கிளப் அது. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.

நெட் ஹேக் 1939-இல் காலமானார். எழுவர் உலகக் கிண்ணம் 1993-இல் தொடங்கியபோது, கோப்பைக்கு மெல்ரோஸ் கிண்ணம் என்றே பெயர் வைத்தார்கள். ஊரின் சொந்தப் போட்டியோ ஏப்ரல் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை அதே கிரீன்யார்ட்ஸில் நடக்கிறது. கோவிட் காலத்தில் 2020-லும் 2021-லும் நின்று, 2022-இல் மீண்டும் வந்தது. 1883-இல் கூட்டத்தை இறக்கிவிட்ட ரயில் பாதை 1969-இல் மூடப்பட்டது. 2015-இல் அதன் ஒரு பகுதி திரும்பத் திறக்கப்பட்டிருக்கிறது. பார்க்க ஆசைப்படுபவர்கள் எடின்பரோவில் ரயில் ஏறி, கடைசி நிலையமான ட்வீட்பேங்கில் இறங்க வேண்டும். அங்கிருந்து மெல்ரோஸுக்கு நடந்தே போய்விடலாம். வழியில் காலாஷீல்ஸ் நிலையமும் வரும்.