பாட்டில் யார் பெயர்? – அறிவின் பயணமும் உழைப்பாளியின் உரிமையும்

சிவகாசிக்கு மூன்று தொழில்கள்: தீப்பெட்டி, பட்டாசு, அச்சு. 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் முதலாவதைத் தொடங்கினர். தீப்பெட்டியின்மேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது, அச்சகங்கள் வளர்ந்தன. அந்த லேபிளில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். மயிலோ அணிலோ சின்னமாக இருக்கும். குச்சி அடுக்கியவர், குழாய் உருட்டியவர், திரி வைத்தவர், சரம் பின்னியவர் ஆகியோரின் பெயர் எதிலும் இராது. வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரக் கிராமங்களிலிருந்து வேன் ஏறி வேலைக்குச் செல்லும் தலித், பிற்படுத்தப்பட்ட சமூகப் பெண்களின் பெயர்கள் அச்சேறுவது பெரும்பாலும் விபத்துக்கு மறுநாள்தான். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்திலும் அப்படித்தான் அச்சேறின: இறந்தோர் பட்டியலில்.

உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்னும் இந்த ஏற்பாடு ஆலைகளோடு முடிவதில்லை, பாட்டிலும் உண்டு. நாற்று நட்டவரின் பாட்டும், இழவு வீட்டில் மார்பில் அடித்து அழுதவரின் ஒப்பாரியும் 'நாட்டுப்புறப் பாடல்' என்ற பொதுப்பெயரில் திரையிலும் மேடையிலும் புகழ்பெற்றன. பாடியவர்கள் பெயரற்றே போயினர். இந்த ஏற்பாட்டை நம் காலத்தில் வெளிப்படையாகக் கேள்விக்கு உட்படுத்தியவர் ராப் பாடலாசிரியர் அறிவு. அவரது பாதையைப் புரிந்துகொள்வது, பட்டாசு வட்டாரத்தில் பாட்டெழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

அரக்கோணத்திலிருந்து மேடைக்கு

அறிவரசு கலைநேசன் என்ற இயற்பெயர் கொண்ட அறிவு, அரக்கோணத்தைச் சேர்ந்த தலித் குடும்பத்தில் பிறந்தவர், பொறியியல் படித்தவர். முதலில் கவிதை எழுதினார். பின்னர் அந்த வரிகள் தாளத்தோடு பேசும் வடிவத்துக்கு நகர்ந்தன. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியபோது அறிவும் அதில் ஒருவர். சாதிபேதமற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பிறந்தது அக்குழுவின் பெயர். கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் ஒலித்தன. இட ஒதுக்கீடு, ஆணவக்கொலை, மாட்டிறைச்சி ஆகியவை பாட்டுக்குரிய பொருளாயின.

அதே ஆண்டு வெளிவந்த 'காலா' படத்தின் 'உரிமையை மீட்போம்' பாடலில் அறிவின் எழுத்து வெகுமக்களை அடைந்தது. 2019இல் இசைக்கலைஞர் ஒஃப்ரோவுடன் இணைந்து 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். திருக்குறளின் ஓசையைத் தாங்கிய அப்பெயர், தெருவின் குரலும் நூலாகும் தகுதியுடையது என்று அறிவித்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்ட நாட்களில் 'சண்ட செய்வோம்' பாடல் கல்லூரி வளாகங்களில் ஒலித்தது. 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' போன்ற முழுமையான வணிகப் பாடல்களையும் அவர் எழுதினார். இரண்டு உலகங்களிலும் ஒரே பேனாவோடு நடந்தவர் அவர்.

எசப்பாட்டும் ராப்பும்

ஹிப்-ஹாப் 1973இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஏழை மக்களின் குடியிருப்புகளில் பிறந்தது. அதன் உயிர்நாடிகளுள் ஒன்று 'பேட்டில்' எனப்படும் சொற்போர். இருவர் எதிரெதிரே நின்று, அந்தக் கணத்திலேயே வரிகளைக் கட்டி ஒருவரையொருவர் மடக்குவார்கள். தென்மாவட்டத்து மக்களுக்கு இது அந்நியமானதன்று. வயலிலும் திருவிழாவிலும் ஒருவர் பாட்டெடுக்க மற்றவர் அதற்குப் பதில் கட்டும் எசப்பாட்டு இங்கே உண்டு, லாவணியும் உண்டு. எதுகையும் மோனையும் எழுத்தறியாதவர் நாவிலும் புழங்கியவை.

தமிழ் ராப்பின் தொடக்கம் கடல் கடந்த தமிழரிடையே நிகழ்ந்தது. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பு 2006இல் வந்தது. அறிவு அந்த வடிவத்தை ஒப்பாரியோடும் பறையோடும் பிணைத்தார். இதனால் ஒரு சிக்கலும் எழுந்தது. ஒப்பாரி பாடும் பெண் முதலில் மெட்டமைத்துப் பிறகு சொல் நிரப்புவதில்லை. சொல்லும் மெட்டும் ஒரே மூச்சில் பிறக்கின்றன. ராப்பரும் அப்படியே. திரைத்துறையின் வழக்கமோ வேறு: இசையமைப்பாளர் மெட்டுத் தருவார், கவிஞர் சொல் தருவார், பாடகர் குரல் தருவார். இந்த இரண்டு முறைகளும் மோதிய இடம்தான் 'என்ஜாய் எஞ்சாமி'.

ஒரு பாடலும் மூன்று நிகழ்வுகளும்

2021 மார்ச் 7இல் 'மாஜா' தளத்தின் வழியே வெளிவந்த அப்பாடலைத் தீயும் அறிவும் பாடினர். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். பாடலின் வேர், அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர் அவர். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்தேகால் இலட்சம் மலையகத் தமிழரை இந்தியா ஏற்க வேண்டும் என்று வகுத்தது. தோட்டத்தைத் தளிர்க்க வைத்தவர்களுக்கு அங்கே நிலமில்லை. திரும்பி வந்த இடத்திலும் பெரும்பாலோருக்கு நிலமில்லை. அந்த வரலாறு பல கோடி முறை பார்க்கப்பட்ட பாடலாயிற்று.

அதன் பிறகு நடந்தவை நாம் அறிந்தவை. 2021 ஜூலையில், டிஜே ஸ்னேக்கின் மறுவடிவத்துக்காக நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் வைக்கப்பட்ட விளம்பரப் பலகையில் அறிவு இல்லை. ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர். அக்கட்டுரை கொண்டாடிய 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' ஆகிய இரண்டிலும் அறிவின் எழுத்து இருந்தும் அட்டையில் அவர் இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பிறகே அறிவின் படத்தோடு இணைய அட்டை ஒன்று வெளியாயிற்று. 2022 ஜூலை 28இல் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில், தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாடலைப் பாடினர். அங்கும் அறிவு இல்லை.

இம்முறை அறிவு தானே பேசினார். அப்பாடலை இயற்றியதும், எழுதியதும், பாடியதும் தான் என்றும், எவரும் தனக்கு மெட்டோ ஒரு சொல்லோ தரவில்லை என்றும் சமூக ஊடகத்தில் எழுதினார். சந்தோஷ் நாராயணன் மறுமொழி வெளியிட்டார். இசையமைப்பும் தயாரிப்பும் தன்னுடையவை என்றும், வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் அவர் கூறினார். அறிவின் பங்கைத் தான் எங்கும் மறைத்ததில்லை என்று தீயும் விளக்கினார். 2024 மார்ச்சில், அப்பாடலிலிருந்து மூவருக்குமே வருவாய் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் சொன்னார். மாஜா நிறுவனம் தன் தரப்பை விளக்கியது.

இவர்களுள் யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. பெயர் விடுபடும் ஒவ்வொரு முறையும் அதற்குத் தனித்தனிக் காரணம் சொல்லப்பட்டது என்பதை மட்டும் நாம் கவனிக்க வேண்டும். அட்டைக்கு ஒரு காரணம், பலகைக்கு ஒரு காரணம், மேடைக்கு ஒரு காரணம். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் தற்செயல் போலத் தோன்றும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், விடுபட்டவர் ஒவ்வொரு முறையும் ஒருவரே. சாதி இன்று 'நீ வராதே' என்று சொல்வது குறைவு. பட்டியலில் பெயரைச் சேர்க்க மறந்துவிடுவது அதிகம்.

சட்டம் தரும் பிடிமானம்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாடலை ஒரே பொருளாகக் கருதுவதில்லை. வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, பாடியது நிகழ்த்துநரின் உரிமைக்குரியது, ஒலிப்பதிவு தயாரிப்பாளருடையது. ஒருவரே வரியும் மெட்டும் கட்டியிருந்தால் இரண்டின் உரிமையும் அவருக்கே தொடங்குகிறது. உரிமை பிறக்கப் பதிவு கட்டாயமில்லை. படைத்த நொடியில் அது பிறக்கிறது. ஆனால் 'நான்தான் படைத்தேன்' என்பதை மெய்ப்பிக்கச் சான்று வேண்டும். வாய்மொழி மரபில் வந்தவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

மூன்று விதிகளை ஒவ்வொரு பாடலாசிரியரும் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, பிரிவு 57: உரிமையை விற்றுவிட்டாலும், 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். இரண்டாவது, 2012இன் திருத்தம்: திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ பயன்படும் வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைச் சட்டப்படியான வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறெவருக்கும் எழுதிக் கொடுக்க இயலாது. எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது. மூன்றாவது, பிரிவு 19: உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும்.

சட்டம் கைவிடும் இடமும் உண்டு. யார் கட்டியது என்று தெரியாத ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் இச்சட்டத்தில் உரிமையாளர் இல்லை. எவரும் எடுத்து மெருகேற்றித் தம் பெயரில் வெளியிடலாம். நிலமற்றவரின் பாட்டும் புறம்போக்கு நிலம்போலவே நடத்தப்படுகிறது.

புதுப்பட்டியின் பாடம்

விருதுநகர் மாவட்டத்துக்கு இந்தப் போராட்டம் புதிதன்று. வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் ஒரே வீட்டிலிருந்து ராஜ் கௌதமனும் பாமாவும் எழுத வந்தனர். 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு', தலித் வாழ்வைத் தலித்தின் பேச்சுமொழியிலேயே நூலாக்கியது. அடுத்து வந்த 'சங்கதி'யில், தீப்பெட்டி ஆலைக்குப் போகும் சிறுமி பெயரோடு நிற்கிறாள். பெண்கள் அந்தந்த நேரத்தில் கட்டிப் பாடும் பாட்டுகளும் நிற்கின்றன. லேபிளில் இடம்பெறாதவர்கள் அங்கே நூலில் இடம்பெற்றனர். அறிவு அதையே ஒலியில் செய்தார். 2024இல் அம்பாசா குழுவோடு அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தன் பெயரைக் கேட்டுப் போராடியவர், தன் தொகுப்பின் முகப்பில் பாட்டியின் பெயரை வைத்தார்.

இதிலிருந்து நமக்குச் சில வேலைகள் உள்ளன. ஊரில் பாடும் மூதாட்டியின் பாட்டைக் கைப்பேசியில் பதியும் மாணவர், அவருடைய இசைவையும் பெயரையும் ஊரையும் நாளையும் அதே பதிவில் அவர் குரலிலேயே சேர்க்க வேண்டும். ராப் எழுதும் இளைஞர், ஒலிக்கூடத்துக்குப் போகுமுன் வரியையும் வாயால் பாடிய மெட்டையும் தமக்கே மின்னஞ்சல் அனுப்பி நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் வரி, மெட்டு, குரல் ஆகிய மூன்றும் யாருடையவை என்பது தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். கலை விழா நடத்தும் இயக்கங்கள் தம் சுவரொட்டிகளில் பறை அடிப்பவர் பெயரையும் அச்சிட வேண்டும். அச்சகங்கள் நிறைந்த ஊரில் அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.