சுங்கை பினாங் ஆற்றுக்கு உயிரினங்கள் திரும்பி வர என்ன வேண்டும்?

அறிவியலில் வாழிடம் பற்றி நடத்தும்போது நம் பிள்ளைகள் சொல்லும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தாமான் நெகாராவும் ஆப்பிரிக்காவும்தான். ஜார்ஜ்டவுன் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சுங்கை பினாங் இருக்கிறதே! (பாலிக் புலாவ் பக்கம் இதே பெயரில் இன்னோர் இடம் உண்டு. இங்கே சொல்வது ஜெலுத்தோங் பக்கமாகக் கடலில் கலக்கும் ஆறு.)

“அது ஆறா சார்? லோங்காங்தானே?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். நாட்டின் மிக மாசுபட்ட ஆறுகளில் ஒன்று என்று பல ஆண்டுகள் பெயர் வாங்கிய ஆறுதான் அது. ஆனால் அதன் தலைப்பக்கத்தைக் காட்டுங்கள். ஆயர் ஈத்தாம், ஆயர் தெர்ஜுன் என்ற இரண்டு சிற்றாறுகள் சேர்ந்துதான் சுங்கை பினாங் ஆகிறது. ஆயர் தெர்ஜுன் மலைக்காட்டில் அருவியாக விழுந்து, 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா வழியே வருகிறது. பினாங்கு மலையைச் சேர்ந்த 12,481 ஹெக்டர் பரப்பை யுனெஸ்கோ 2021இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்தக் காட்டுக்கும் நகரத்து அழுக்குத் தண்ணீருக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். உயிரினங்களை வேறெங்கிருந்தும் கொண்டுவர வேண்டாம், வழிவிட்டால் போதும்.

இப்படி வழிவிடுவதைத்தான் ‘ரீவைல்டிங்’ என்கிறார்கள். மரம் நடுவிழாவோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் வேலை, கழிவுநீரை நிறுத்துவது. தண்ணீரில் கலந்த கழிவைப் பாக்டீரியா சிதைக்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மீன் மூச்சுவிட வழியில்லை. அடுத்தது ஆற்றின் உருவம். நேரான சிமெண்டு வாய்க்காலில் மழைநீர் ஒரே பாய்ச்சலாக ஓடிவிடும். முட்டையிட மணல் தங்காது, வேர் பிடிக்க மண் கிடையாது, பியாவாக் ஏறி வெயில் காயச் சரிவான கரையும் இருக்காது.

சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் இதை மாற்றிக் காட்டினார்கள். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள சிமெண்டு வாய்க்காலாக இருந்த காலாங் ஆற்றை, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக்கினார்கள். 2012இல் வேலை முடிந்தது. பிறகு நீர்நாய்க் குடும்பம் ஒன்று தானாகவே வந்து குடியேறியது. யாரும் பிடித்து வந்து விடவில்லை.

அப்படியென்றால் இங்கேயும் சிமெண்டை உடைத்துவிடலாமே? அவ்வளவு சுலபமில்லை. பீஷானில் ஆற்றை ஒட்டிப் பெரிய பூங்கா இருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் பரவ இடமுண்டு. சுங்கை பினாங்கில் கரையோரமே வீடுகள். 2017 நவம்பரில் பினாங்கு முழுக்க வெள்ளம் வந்ததைப் பெற்றோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளத் தடுப்புக்காகவே ஆற்றைச் சீரமைக்க வேண்டியிருக்கிறது. அதோடு கரைக்கும் கொஞ்சம் பச்சை விட முடியுமா என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால், இடமிருக்கும் மேல்பகுதியில் தொடங்குவதே நல்லது.

விலங்குகள் வந்தால் தொல்லையும் வரும். இதையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். வீட்டுக்குள் புகுந்து ரொட்டியைத் தூக்கிப்போகும் கெராவை யாருக்குத்தான் பிடிக்கும்? கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங்கோ இலை தின்னும் சாதுவான குரங்கு. அதற்கு ஆபத்து, சாலையைக் கடக்கும்போதுதான். தெலுக் பஹாங்கில் லங்கூர் புரோஜெக்ட் பினாங் குழுவினர் 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே பாலம் கட்டினார்கள். குரங்கு மேலே போகிறது, கார் கீழே போகிறது.

வகுப்புக்கு ஒரு நடவடிக்கை: தாவரவியல் பூங்காவில் ஓடையோரம் பதினைந்து நிமிடம், நகரத்துக்குள் ஆற்றுப் பாலத்தில் பதினைந்து நிமிடம். தும்பி, மீன், பறவை, குரங்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி ஒரே அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள். கரை மண்ணா, கல்லா, சிமெண்டா என்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். தண்ணீரில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு.