சுவடிப் படங்களைக் கணினித்திரையில் காட்டுதல்: அளவுச் சுருக்கமும் பாடத் தெளிவும்

ஓலைச்சுவடிகளை ஒளிவருடிய படங்களாகப் படித்துப் பாடவேறுபாடு காணும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. அவ்வாறு படிக்கும் ஆய்வாளர் காண்பது ஏட்டையன்று. படக்கோப்பைத் திறந்து ஒரு நிரல் திரையில் வரைந்து காட்டும் உருவத்தையே காண்கிறார். அவ்வுருவம் எவ்வாறு உருவாகிறது என்பதைப் பைதான் மொழியில் எழுதப்படும் எளிய மேசைக்கணினி நிரலைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

40 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உடைய ஏட்டை அங்குலத்திற்கு 600 பிக்சல் என்னும் செறிவில் வருடினால் ஏறத்தாழ 9,449 × 945 பிக்சல்கள் கிடைக்கும். ஜேபெக் கோப்பாக வன்தட்டில் அது சில மெகாபைட்டில் அடங்கலாம். காட்டுவதற்கு முன் அச்சுருக்கம் விரிக்கப்பட வேண்டும்; பிக்சலுக்கு 3 பைட் வீதம் நினைவகத்தில் அது ஏறத்தாழ 27 மெகாபைட் இடம் கொள்ளும். 100 ஏடுகளின் இருபுறங்களையும் ஒருசேர விரித்து வைக்கும் நிரலுக்கு 5 கிகாபைட்டுக்கு மேல் வேண்டும். பில்லோ நிரலகம் கோப்பைத் திறக்கும்போது தலைப்பகுதியை மட்டுமே படிக்கிறது. பிக்சல்களைத் தேவைப்படும்போதுதான் விரிக்கிறது. எனவே பார்வையிலுள்ள ஏட்டை மட்டும் விரித்து, முந்தையதை விடுவிப்பதே தக்க முறை.

நினைவகச் சிக்கல் நிரலை நிறுத்திவிடும் என்பதால் எளிதில் வெளிப்படும். அளவுச் சுருக்கத்தில் நேரும் இழப்பு அவ்வாறு வெளிப்படுவதில்லை. 1,920 பிக்சல் அகலமுள்ள திரையில் முழு ஏட்டையும் காட்ட வேண்டுமெனில் ஏறத்தாழ 5-இல் 1 பங்காகக் குறைக்க வேண்டும். அதாவது, மூலத்தின் 25 பிக்சல்களுக்குத் திரையில் 1 பிக்சலே உண்டு. டிகே-இன்டரின் சப்சாம்பிள் செயற்கூறு, குறித்த இடைவெளியில் வரும் பிக்சல்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடுகிறது. எழுத்தாணிக் கீறலின் தடிப்பை 0.1 மி.மீ. எனக் கொண்டால் மூலப்படத்தில் அது 2 அல்லது 3 பிக்சலே ஆகும். ஐந்துக்கு ஒன்றாக எடுக்கும்போது அக்கீறல் அகப்படவும் கூடும், முற்றிலும் மறையவும் கூடும். ணகரத்தையும் னகரத்தையும் பிரித்துக்காட்டும் சுழி இத்தகைய கீறலே. ஏட்டில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் வருவதுண்டு. முன்பே இத்துணை ஐயங்களோடு படிப்பவருக்கு நிரலும் ஓர் ஐயத்தைச் சேர்ப்பது முறையன்று.

விடுபடும் பிக்சல்களையும் கணக்கில் கொண்டு சராசரி காணும் முறையில் கீறல் மங்குமேயன்றி அறவே மறையாது. ஜேபெக் வடிவத்தில் படம் 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பதியப்படுவதால், அரை, கால், அரைக்கால் அளவுகளில் நேரடியாகவே விரிக்க இயலும். பில்லோவின் டிராஃப்ட் செயற்கூற்றால் கால் அளவில் விரித்து, பின்னர்ச் சராசரி முறையில் திரையளவுக்குக் குறைத்தால் வேகமும் தெளிவும் ஒருங்கே கிட்டும். பெரிதாக்கிப் பார்க்கையில் இக்குறுக்கிய படத்தையே நீட்டிக் காட்டும் நிரல்களும் உள்ளன. அது தவறு, மூலக்கோப்பை மீண்டும் முழு அளவில் விரித்து, வேண்டிய பகுதியை வெட்டிக் காட்டுதல் வேண்டும்.

டிகே-இன்டரில் படப்பொருளை ஒரு மாறியில் பிடித்து வைக்காவிடில் பைதான் அதனை நீக்கிவிடும். சாளரம் வெறுமையாகத் தோன்றும். இது கண்ணுக்குத் தெரியும் பிழையாதலால் தீங்கு குறைவு. தெரியாத பிழைக்கே காவல் வேண்டும்: காட்டப்படும் படம் மூலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைச் சாளரத்தின் அடியில் நிரல் எப்போதும் காட்டி நிற்பதும், ஐயத்திற்குரிய எழுத்தை 100 விழுக்காட்டில் பார்த்த பின்னரே பாடவேறுபாட்டில் குறிப்பதும் அதற்கு வழியாகும்.