நெஃபர்தாரியின் கல்லறை: திறக்கலாமா, மூடி வைக்கலாமா?



பண்டைய எகிப்து என்றதும் நம் மாணவர்களுக்குப் பிரமிடும் மம்மியும்தான் ஞாபகத்துக்கு வரும். அடுத்த முறை அரசி நெஃபர்தாரியின் கல்லறையைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். விவாதக் கட்டுரைக்கு ஏற்ற தலைப்பு ஒன்று அதில் இருக்கிறது.

நெஃபர்தாரி, மன்னர் இரண்டாம் ராம்சேஸின் பட்டத்தரசி. 3,200 ஆண்டுகளுக்கு முன், நைல் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள அரசியர் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்து அவருக்குக் கல்லறை அமைத்தார்கள். 1904இல் இத்தாலியரான எர்னஸ்டோ ஸ்கியாபரெல்லி அதைக் கண்டுபிடித்தார். அதற்கு வெகுகாலம் முன்பே திருடர்கள் புகுந்து பொன், பொருளை எல்லாம் கொண்டுபோயிருந்தார்கள். சுவரோவியங்களை மட்டும் கொண்டுபோக முடியவில்லை! கருநீல விதானம் முழுக்க மஞ்சள் நட்சத்திரங்கள். ஒரு சுவரில், அரசி செனெட் என்னும் பலகை விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஓவியங்களுக்கு எதிரி யார் தெரியுமா? உப்பு. அங்குள்ள பாறை சொரசொரப்பானது. அதனால் காரை பூசி, அதன்மேல்தான் வரைந்தார்கள். பாறையில் உள்ள உப்பு ஈரம் பட்டால் கரையும், காய்ந்தால் படிகமாகும். படிகம் வளர வளரக் காரையை வெளியே தள்ளும். ஓவியம் பொத்துப்பொத்தென்று உதிரும். ஒரு செங்கல் துண்டை உப்பு நீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். வெள்ளையாய்ப் பூத்து வருவதை மாணவர்களே பார்ப்பார்கள்.

1986 முதல் 1992 வரை எகிப்தியத் தொல்பொருள் துறையும் கெட்டி பாதுகாப்புக் கழகமும் சேர்ந்து சீரமைத்தன. உதிரும் நிலையில் இருந்த பகுதிகளை முதலில் ஜப்பானியக் காகிதப் பட்டைகளை ஒட்டித் தாங்கிப் பிடித்தார்கள். அழிந்துபோன இடத்தில் புது ஓவியம் தீட்டவில்லை.

1995இல் கல்லறையைத் திறந்தபோது ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. பார்க்க வருகிறவர்களின் மூச்சும் வியர்வையும்கூட ஈரம்தானே! பொதுமக்களுக்கு அதை மீண்டும் மூடினார்கள். பின்னர், தனிக் கட்டணம் செலுத்தியவர்கள் மட்டும் உள்ளே போக முடிந்தது.

இனி மாணவர்களிடம் கேளுங்கள்: “திறக்கலாமா, மூடலாமா?”

“யாரும் பார்க்கலன்னா எதுக்குக் காப்பாத்தணும்?” என்று ஒருவர் கேட்பார். “உயிரோடு இருக்கிறவங்க பார்க்கிறதுக்காகவா அதை வரைஞ்சாங்க?” என்று இன்னொருவர் மடக்குவார். இரண்டுமே வலுவான கருத்துகள். முடிவை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். காரணத்தோடு அவர்களே எழுதட்டும்.