விதி எழுதுவோர் காலனி வீட்டையும் பார்க்கட்டும்

கேமரா ஆன் செய்திருக்க வேண்டும். மைக்கை அணைத்து வைக்க வேண்டும். சத்தமில்லாத தனி இடத்தில் மேசை, நாற்காலி போட்டு உட்கார வேண்டும். வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் முன்பே இணைந்துவிட வேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஆன்லைன் வகுப்புக்கென்று வாட்ஸ்அப் குரூப்புகளில் வந்து விழுந்த விதிகள் இவை. படித்தால் எல்லாம் நியாயமாகத்தான் தெரியும். காலனியில் ஒரு தொகுப்பு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தால்தான், இவை யாருடைய வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்பது விளங்கும்.

தொகுப்பு வீட்டில் தனி இடம் ஏது? இருப்பது ஓர் அறை. அதில் பாட்டி படுத்திருப்பார், கைக்குழந்தை அழும், மழை வந்தால் ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைக்க வேண்டும். ஸ்மார்ட்போன் இருந்தாலும் அது அப்பாவோடு கரும்பு வெட்டுக்கோ கட்டட வேலைக்கோ போய்விடும். பாடம் காலை பத்து மணிக்கு. போன் வீடு திரும்புவது இரவு ஏழு மணிக்கு. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த இரவு நேரப் போனும் பெரும்பாலும் அண்ணன் கைக்குத்தான் போனது, தங்கை கைக்கு அல்ல. இதை நம் தெருவுக்குள்ளும் நாம் பேசியாக வேண்டும்.

இருப்பதிலேயே பிள்ளைகளை அதிகம் விரட்டியது கேமரா விதிதான். வகுப்பறையில் சீருடை போட்டு உட்கார்ந்துவிட்டால் யார் வீடு எப்படி என்று ஒருவருக்கும் தெரியாது. கேமராவில் பூசாத சுவர் தெரிந்தது, கொடியில் தொங்கும் துணி தெரிந்தது, சுவரில் மாட்டிய அம்பேத்கர் படம் தெரிந்தது. நாம் பெருமையோடு மாட்டிய படம்தான். ஆனால், எந்தத் தெரு என்று சொல்லாமல் தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடத்தில் படிக்கும் பிள்ளைக்கு, அதைச் சக மாணவர்கள் பார்த்துவிட்டார்கள் என்பதே பயம். ‘டேட்டா தீர்ந்துவிட்டது’ என்று பொய் சொல்லிக் கேமராவை மூடிய மாணவிகளை நாம் அறிவோம். பள்ளி அதை ஒழுங்கீனம் என்று குறித்துக்கொண்டது.

பொருளியல் அறிஞர் ழான் த்ரேஸ் உள்ளிட்டோர், தமிழகம் உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் சுமார் 1,400 ஏழைக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2021 செப்டம்பரில் வெளியானது. கிராமங்களில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. கிராமத்துத் தலித், பழங்குடிக் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 4 விழுக்காடு, மற்றவர்களில் 15. கிராமப் பிள்ளைகளில் 37 விழுக்காட்டினர் படிக்கவே இல்லை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2020 ஜூன் 1 அன்று, ஆன்லைன் வகுப்புகள் தொடங்கிய முதல் நாளிலேயே, ஒரு தலித் மாணவியை இழந்தோம். வீட்டு டிவி பழுது, போனுக்கு ரீசார்ஜ் செய்யக் காசில்லை என்றார் கூலித் தொழிலாளியான அவர் தந்தை.

2021 செப்டம்பர் 1 முதல் 9, 10, 11, 12 வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. வகுப்புக்கு 20 பேர், சுழற்சி முறை, வருகை கட்டாயமில்லை, வர விரும்பாதவர் ஆன்லைனில் தொடரலாம் என்பவை அன்றைய விதிகள். நோய்த்தடுப்புக்கு அவை தேவையாக இருந்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பள்ளி இல்லாத அந்த மறுநாள், மச்சு வீட்டுப் பிள்ளைக்கு ஆன்லைன் நாளாகவும் காலனிப் பிள்ளைக்குக் கூலி நாளாகவும் இருந்தது. செங்கல் சூளைக்காரருக்கும் ‘கட்டாயமில்லை’ என்ற சொல் வசதியாகத்தான் இருந்தது. சூளையில் செவ்வாயும் வியாழனும் நின்ற பையன் மூன்றாவது வாரம் திங்களன்றும் அங்கேதான் நின்றான்.

அந்த நாட்களில் பள்ளிச் சுவர்களில் அதிகம் எழுதப்பட்ட சொல் ‘சமூக இடைவெளி’. கிருமியைத் தடுக்க வேண்டியது உடல் இடைவெளி. சமூக இடைவெளியை நாம் புதிதாகக் கற்கத் தேவையில்லை. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் அது தலைமுறைகளாக இருக்கிறது. அவரவர் தண்ணீரை அவரவர் கொண்டுவர வேண்டும், சாப்பாட்டைப் பகிரக் கூடாது, தொடக் கூடாது என்ற விதிகளைக் கேட்டபோது நமக்கு வேறு நினைவுகள் வந்தன. அம்பேத்கர் பள்ளியில் படித்தபோது குழாயைத் தொட முடியாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தாகத்தோடுதான் வீடு திரும்ப வேண்டும். பழைய கதை என்று ஒதுக்குவோர், 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் திரண்டதை நினைத்துப் பார்க்கட்டும். தொற்றுக்காகப் போட்ட விதியைச் சாதிக்காகப் பயன்படுத்த ஆள் இருக்கும் ஊர்களில், அது எந்த நாளோடு முடிகிறது என்பதையும் சேர்த்தே பலகையில் எழுத வேண்டும். தண்ணீரைப் பள்ளியே தரட்டும், ஒரே குழாயில்.

2021 நவம்பர் 1, திங்களன்று, 1 முதல் 8 வரையிலான வகுப்புகளும் திறந்தன. அப்போதைய இரண்டாம் வகுப்புக் குழந்தை அதுவரை பள்ளியைப் பார்த்ததே இல்லை. அதற்கு முந்தைய புதன்கிழமை நம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில் அன்றைய முதலமைச்சர் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தார். மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், தன்னார்வலர் ஒருவருக்கு 20 குழந்தைகள் என்பது அன்றைய ஏற்பாடு. நல்ல திட்டம். நாம் கேட்பது, அந்த மையம் எந்தத் தெருவில் கூடும் என்பதைத்தான். ஊர்த் தெருவில் கூடினால் மாலை இருட்டில் நம் பிள்ளைகள் போவார்களா? காலனியில் பட்டம் படித்த ஒரு பெண் தன்னார்வலரானால் ஊர்ப் பிள்ளைகளை அனுப்புவார்களா? இடத்தை முடிவு செய்யும்போதே அதிகாரிகள் இதற்கு விடை தேட வேண்டும்.

விதி எழுதத் தெரிந்த ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறோம். பள்ளி மூடியிருந்தபோது வண்டியை எடுத்துக்கொண்டு காலனிக்கே வந்து, மரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்துப் பாடம் நடத்தியவர்கள் அவர்கள். யார் வீட்டில் போன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் பட்டியல் போட்டால் போன் இல்லாத பிள்ளை தினமும் வகுப்பில் இருக்கும், மற்றவர்கள் சுழற்சியில் வருவார்கள். கேமரா கட்டாயம் என்று எழுதமாட்டார். தாமதமாக இணைந்தவர் பெயரை அடிக்கமாட்டார். பாடத்தைத் தாளில் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்.

கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். அதில் நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம் உண்டு, பாதிப் பேர் பெண்கள். சுழற்சிப் பட்டியலைப் போடும் முன் அந்தக் குழு கூடியதா, காலனியிலிருந்து யார் உட்கார்ந்தார்கள் என்று, அந்தத் திங்கட்கிழமை காலையில் பிள்ளையைக் கொண்டுவிட்ட பெற்றோர் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கலாம்.